பள்ளியில் ஆபத்து வந்தால் பிள்ளைகளைப் பத்திரமாக வெளியேற்றுவது எப்படி? தொழில்நுட்பத்தோடு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 மார்ச் 11. ஜப்பானின் இஷினோமாகி நகரிலுள்ள ஓகாவா தொடக்கப் பள்ளியில் பெரும் நிலநடுக்கம் நின்றதும் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். கட்டடம் இடியவில்லை. சுனாமி எச்சரிக்கை வானொலியில் வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. ஆனால் எங்கே போவது என்று முடிவாகாமல் ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்திலேயே கழிந்தது. 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள்.

எச்சரிக்கைக் கருவி அங்கே வேலை செய்தது. நேரமும் இருந்தது. யார் முடிவெடுப்பது, எந்தப் பக்கம் போவது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் முன்கூட்டியே விடை எழுதி வைக்கப்படவில்லை. பள்ளிப் பாதுகாப்புக்காகக் கருவி வாங்க நினைக்கும் எவரும் இந்த 50 நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

வெளியேறும் நேரத்தை மூன்றாகப் பிரிக்கலாம். ஆபத்து இருப்பது தெரியவரும் நேரம், மணி அடித்தும் "இது நிஜமா, சோதனையா" என்று தயங்கும் நேரம், எழுந்து நடந்து வெளியே போகும் நேரம். நடக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் எல்லாரும் யோசிக்கிறார்கள். பெரும்பாலும் நிமிடங்கள் தொலைவது முதல் இரண்டில்தான். ஒரு கருவியை யாராவது விற்க வந்தால், இந்த மூன்றில் எதை இது குறைக்கும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

படி 1: முதலில் காகிதம், பிறகு கருவி

கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பறையிலிருந்தும் வெளியே நடந்து பாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி இருக்கிறதா? வழியில் எத்தனை கதவு, எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? படிக்கட்டுக்கு அடியில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கிறதா? இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்து நெருப்பு கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரையும் குறுகலான படிக்கட்டும் இருக்கும் கட்டடத்தில் எந்த சென்சாரும் காப்பாற்றாது. கட்டடத்தின் குறையைக் கருவியால் மூடி மறைக்க முடியாது.

அடுத்து, எந்த ஆபத்துக்கு என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எல்லா ஆபத்துக்கும் "வெளியே ஓடு" என்பது விடையல்ல. தீ என்றால் உடனே வெளியே. நிலநடுக்கம் என்றால் அதிர்வு நிற்கும்வரை மேசைக்கு அடியில், பிறகு வெளியே. வெளியில் நச்சுவாயு பரவினால் உள்ளேயே இருந்து ஜன்னல்களை அடைக்க வேண்டும். வெள்ளம், சுனாமி என்றால் மேடான இடத்துக்கு. ஆயுதத்தோடு யாராவது நுழைந்தால் கதவைப் பூட்டுவதா வெளியேறுவதா என்பது அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கூடும் இடங்களும் எதிரெதிர்த் திசையில் இரண்டு வேண்டும். காற்று புகையை ஒன்றின் பக்கம் தள்ளினால் மற்றது உதவும்.

கடைசியாக, முடிவெடுப்பவர்களின் பெயர்களை வரிசையாக மூன்று எழுதுங்கள். முதலாமவர் பள்ளியில் இல்லையென்றால் இரண்டாமவர், அவரும் இல்லையென்றால் மூன்றாமவர். தீ அலாரத்துக்கு மட்டும் இந்த வரிசையே வேண்டாம். புகையைப் பார்த்தவர் காவலரானாலும் ஆறாம் வகுப்பு மாணவியானாலும் பட்டனை அழுத்தலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

படி 2: சென்சார் எங்கே, என்ன வகை

வகுப்பறை, நூலகம், தாழ்வாரம், படிக்கட்டு உச்சி ஆகிய இடங்களில் புகை உணரும் சென்சார். சமையலறையில் அதை வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். நாலு முறை பொய்யாக அடித்தபின் ஐந்தாவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அங்கே வெப்பம் உணரும் சென்சார்தான் சரி.

எரிவாயு சென்சாரைப் பொருத்தும்போது உயரத்தைப் பாருங்கள். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். அதற்கான சென்சார் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசானது. அதற்குக் கூரைக்கு அருகில். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் சுவரில் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

எல்லா சென்சாரும் வந்து சேரும் அலாரம் பேனலில் இடங்களின் பெயரை மனிதர்களுக்குப் புரியும்படி எழுதச் சொல்லுங்கள். "லூப் 1, முகவரி 037" என்று திரையில் வந்தால் அலுவலகத்தில் இருப்பவர் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார். "இரண்டாம் மாடி, வேதியியல் ஆய்வகம்" என்று வந்தால் அடுத்த நொடியே மைக்கை எடுப்பார். பொருத்தும் நிறுவனம் இதைச் செய்து தரும், நாம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் எண்களோடு போய்விடுவார்கள்.

அலாரம் பள்ளிக்குள் மட்டும் அடித்தால் போதாது. 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளித் தீயில் 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அங்கே இருந்த அலாரம் கட்டடத்துக்குள் ஒலித்தது, தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்படவில்லை. உங்கள் பேனல் தானாக வெளியே தகவல் அனுப்புமா என்று பாருங்கள். அனுப்பாது என்றால், மணி அடித்ததும் தீயணைப்பு நிலையத்தை அழைப்பது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரை எழுதுங்கள். "யாராவது கூப்பிட்டிருப்பார்கள்" என்று எல்லாரும் நினைக்கும் இடத்தில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

படி 3: சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள்

எனக்குப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒன்றே ஒன்றில் போடலாம் என்றால் இந்தப் படியில்தான் போடுவேன்.

பாடவேளை மாறுவதற்கும் ஆபத்துக்கும் ஒரே மணியைப் பயன்படுத்தும் பள்ளிகள் உண்டு. அதை இன்றே மாற்றுங்கள். வெளியேறுவதற்கான ஒலிக்கு ஐ.எஸ்.ஓ. 8201 என்ற உலகத் தரம் இருக்கிறது. அரை நொடி ஒலி மூன்று முறை, இடையில் அரை நொடி மௌனம், மூன்றாவது ஒலிக்குப் பிறகு ஒன்றரை நொடி மௌனம், மறுபடி முதலிலிருந்து. இந்தத் தாளம் வேறு எதற்கும் ஒலிக்கக் கூடாது.

ஆனால் வெறும் ஒலி "ஏதோ ஆபத்து" என்று மட்டும்தான் சொல்லும். குரல் அறிவிப்புதான் தயக்கத்தை உடைக்கும். அது மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். இப்படி:

"கவனிக்கவும். இரண்டாம் மாடி வேதியியல் ஆய்வகத்தில் தீ. கிழக்குப் படிக்கட்டில் இறங்க வேண்டாம். எல்லாரும் மேற்குப் படிக்கட்டு வழியாக விளையாட்டு மைதானத்துக்குச் செல்லுங்கள்."

இரண்டு முறை, நிதானமாக. ரகசியக் குறியீட்டுச் சொற்கள் வேண்டாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கும் பார்வையாளராக வந்த தாத்தாவுக்கும் அது புரியாது. பிள்ளைகள் பதறுவார்கள் என்று உண்மையை மழுப்பாதீர்கள். தெளிவில்லாத அறிவிப்புதான் பதற்றத்தைக் கூட்டும். ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் அறிவிப்பை முன்கூட்டியே பதிவுசெய்து ஒரு பட்டனில் வையுங்கள். இடத்தின் பெயரை மட்டும் நேரடியாக மைக்கில் சொன்னால் போதும். அந்த வாசகங்களை அட்டையில் அச்சிட்டு மைக் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கை நடுங்கும்போது யாருக்கும் வாசகம் தோன்றாது.

ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை பெரிய ஒன்றைவிடச் சிறியவை பல நல்லது. நீளமான தாழ்வாரத்தில் ஒரே ஹாரன் ஸ்பீக்கர் அலறினால் எதிரொலிதான் கேட்கும், சொல் கேட்காது. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 72 விதி, அலாரம் ஒலி அந்த இடத்தின் வழக்கமான சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. கழிப்பறை, சமையலறை, இசை அறை, மைதானத்தின் கடைக்கோடி என எல்லா இடத்திலும் ஒருவரை நிறுத்தி அறிவிப்பைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் நீங்கள் சொன்னதும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஸ்பீக்கர் தேறும்.

காது கேளாத பிள்ளைகளுக்குக் கண்சிமிட்டும் ஒளி வேண்டும். நொடிக்கு 2 முறைக்கு மேல் சிமிட்டக் கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வேகமான ஒளி ஆபத்து. ஒரே அறையில் பல விளக்குகள் இருந்தால் எல்லாம் ஒன்றாகச் சிமிட்ட வேண்டும். கழிப்பறையில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் கையசைப்பு தெரியாது, அதனால் அங்கே இந்த விளக்கு கட்டாயம்.

செல்போன் ஆப், குறுஞ்செய்தி ஆகியவற்றை இரண்டாம் வரிசையில் வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயலும்போது நெட்வொர்க் திணறும். அரசு அனுப்பும் செல் ஒளிபரப்பு எச்சரிக்கை வேறு வகை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே அடியாகப் போவதால் நெரிசலில் சிக்காது. நிலநடுக்க முன்னெச்சரிக்கையும் பயனுள்ளதுதான். முதலில் வரும் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது, அதிகம் உலுக்கும் எஸ் அலை சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் சில நொடிகள். அது மேசைக்கு அடியில் புகத்தான் போதும், மாடியிலிருந்து இறங்கப் போதாது. இறங்கத் தொடங்கினால் உலுக்கும்போது பிள்ளைகள் படிக்கட்டில் இருப்பார்கள்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1998 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஜோன்ஸ்பரோ நகரப் பள்ளி ஒன்றில், மாணவர்கள் இருவர் தீ அலாரத்தை வேண்டுமென்றே அடித்து எல்லாரையும் வெளியே வரவைத்துச் சுட்டார்கள். 4 மாணவிகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். அதற்காக அலாரத்தைத் தாமதப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன், தீ அதைவிட அடிக்கடி வரும். தாழ்வாரத்திலும் வாசலிலும் இருக்கும் கேமராவை அலுவலகத்தில் ஒருவர் உடனே பார்க்கட்டும். "நில்லுங்கள், உள்ளே போங்கள்" என்று குரலில் மாற்றிச் சொல்லும் வசதி இருக்கட்டும். ஆசிரியர்களும் கதவைத் திறக்கும் முன் வெளியே ஒரு பார்வை பார்க்கப் பழகட்டும்.

படி 4: வழியைக் காட்டுவது

ஓடும் மனிதன் உள்ள பச்சைப் பலகை எல்லாருக்கும் தெரியும். ஜப்பானியரான யூகியோ ஓட்டாவின் வடிவமைப்பிலிருந்து வந்து உலகத் தரமாகிவிட்டது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் புரியும். இதைக் கதவுக்கு மேலே மட்டும் மாட்டினால் போதாது. புகை கூரையிலிருந்து கீழே இறங்கும், மேலே இருப்பதுதான் முதலில் மறையும். முழங்கால் உயரத்தில் சுவரை ஒட்டி ஒளிரும் பட்டை ஓடட்டும். பகலொளியை வாங்கிவைத்து இருட்டில் மிளிரும் பட்டைகளுக்கு மின்சாரமே வேண்டாம். படி விளிம்புகளிலும் ஒட்டுங்கள்.

திசை மாறும் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. கிழக்குப் படிக்கட்டில் புகை என்று சென்சார் சொன்னால் அங்கே உள்ள பலகை சிவப்புப் பெருக்கல் குறியாக மாறி, மற்ற பலகைகளின் அம்புக்குறி மேற்கே திரும்பும். பல படிக்கட்டுகள் உள்ள பெரிய கட்டடத்துக்கு இது நிஜமாகவே உதவும். இரண்டே படிக்கட்டு உள்ள பள்ளிக்கு நல்ல ஸ்பீக்கரே போதும்.

கைப்பேசியில் வழிகாட்டும் ஆப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஜி.பி.எஸ். கட்டடத்துக்குள் நம்பத் தகுந்ததல்ல, எந்த மாடி என்றும் சரியாகச் சொல்லாது. சுவரில் இருப்பிடம் காட்டும் சின்னக் கருவிகளான ப்ளூடூத் பீக்கன்களைப் பொருத்தி அதைச் சரிசெய்யலாம். ஆனால் நெரிசலான படிக்கட்டில் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு இறங்குவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. அந்த ஆப்பில் உள்ள கட்டட வரைபடத்தைத் தீயணைப்பு வீரர்களிடம் கொடுங்கள்.

கதவுகளில் இரண்டு விஷயம். மின்காந்தப் பூட்டு உள்ள கதவு, அலாரம் அடித்தாலும் மின்சாரம் போனாலும் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே தள்ளலில் திறக்கவும் வேண்டும். படிக்கட்டுக் கதவுகள் அதற்கு நேர்மாறு. சிகாகோ பள்ளியில் திறந்த படிக்கட்டு வழியாகத்தான் புகை மேல்மாடியை நிறைத்தது. காற்றோட்டத்துக்காக அந்தக் கதவுகளுக்குக் கல்லை முட்டுக்கொடுப்பதற்குப் பதில் காந்தப் பிடிப்பான் பொருத்துங்கள். அலாரம் அடித்ததும் காந்தம் விடும், கதவு மூடிக்கொள்ளும், ஆனால் பூட்டிக்கொள்ளாது.

படி 5: படி இறங்க முடியாதவர்கள்

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, காலில் கட்டுப்போட்ட பிள்ளை, பேரொலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளை. ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதுங்கள்: யார் கூட இருப்பார்கள், அவர் விடுப்பில் இருந்தால் யார், எந்த வழி. லிஃப்ட் கூடாது என்பதால் படிகளில் சறுக்கி இறங்கும் மீட்பு நாற்காலியை ஒவ்வொரு மாடியிலும் வைத்து, அதை இயக்க இருவரையாவது பழக்குங்கள். இறக்க முடியாதபோது காத்திருப்பதற்கு, தீத்தடுப்புக் கதவு உள்ள இடமும் அலுவலகத்தோடு பேச இன்டர்காமும் வேண்டும். பெரிய ஒலிக்கு மிரளும் பிள்ளைகளுக்குக் காதுமறைப்பான் கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.

படி 6: மின்சாரமும் இணையமும் போன பிறகு

கருவிகள் கைவிடுவது இங்கேதான். இணையம் வழி இயங்கும் ஸ்பீக்கர்கள் பல பள்ளிகளுக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிளிலேயே, மாடியிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டியிலிருந்து வருகிறது. அலுவலகத்து செர்வருக்கு யு.பி.எஸ். போட்டிருப்பார்கள், அந்த ஸ்விட்சுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். மின்சாரம் போனதும் அலுவலகத்தில் மைக் விளக்கு எரியும், மாடியில் ஒரு ஸ்பீக்கரும் பேசாது. இன்றே மெயினை அணைத்துவிட்டு அறிவிப்புச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

என்.எஃப்.பி.ஏ. 72 விதியின்படி அலாரத்தின் பேட்டரி 24 மணி நேரம் காத்திருந்து, அதன்பின் 5 நிமிடம் அலறத் தெம்போடு இருக்க வேண்டும். குரல் அறிவிப்பு முறைக்கு 15 நிமிடம். பேட்டரி பொருத்திய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். எங்கோ இருக்கும் செர்வரை நம்பி இயங்கும் சேவையானால், கேபிளைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று விற்பனையாளர் முன்னாலேயே பாருங்கள்.

இவை எல்லாம் போனாலும் வேலை செய்ய, மாடிக்கு ஒரு கைமெகாஃபோன், ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் விசில், பொறுப்பாளர்களிடம் வாக்கி டாக்கி. அடித்தளத்திலும் கடைசி அறையிலும் நின்று வாக்கி டாக்கியில் பேசிப் பாருங்கள்.

படி 7: யார் வரவில்லை?

மைதானத்துக்கு வந்தபின் தீயணைப்பு அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" இதற்கு எத்தனை பேர் என்ற எண் மட்டும் போதாது. பெயரும் கடைசியாகப் பார்த்த இடமும் வேண்டும். "ஒரு பையனைக் காணோம்" என்றால் மூன்று மாடியையும் தேட வேண்டும். "மணி அடிக்கும் முன் முதல் மாடிக் கழிப்பறைக்குப் போனான்" என்றால் நேரே அங்கே போவார்கள்.

ஆப் பயன்படுத்தினால் இதற்குப் பயன்படுத்துங்கள். காலை வருகைப் பதிவு அப்படியே திரையில் வரட்டும். ஆசிரியர் இல்லாத பெயரை மட்டும் தொட்டு, கடைசி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பாளர் திரையில் சிவப்பாகத் தெரியட்டும். வேறு வகுப்பு ஆசிரியரிடம் ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளையை "என்னிடம் இருக்கிறாள்" என்று பதியும் பட்டன் அவசியம். காணவில்லை என்று தேடப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்து வரிசையில்தான் நிற்பார்கள். தாமதமாக வந்தவர், பாதியில் வீட்டுக்குப் போனவர், பார்வையாளர், ஒப்பந்தப் பணியாளர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. அடையாள அட்டை தானாகக் கணக்கெடுக்கும் என்பார்கள். அட்டை பையில் இருக்கும், பையை விட்டுவிட்டு ஓடி வா என்றுதான் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை மைதானத்தில் நிற்க, கணினி அவள் வகுப்பறையில் இருப்பதாகச் சொல்லும். அதை நம்பி ஒருவர் புகைக்குள் போக நேரும். ஆகவே அட்டை துணைச் சான்று, ஆசிரியரின் கண்ணே கணக்கு. முக அடையாளக் கேமராவும் தேவையில்லை. குழந்தைகளின் முகத் தரவைச் சேர்த்து வைப்பதால் வரும் ஆபத்து அதன் பயனைவிடப் பெரிது. தினமும் அச்சிட்ட பட்டியல் ஒன்று, யாராவது குறைந்தால் காட்டச் சிவப்பு அட்டை, எல்லாரும் இருந்தால் காட்டப் பச்சை அட்டை, பேனா, டார்ச் ஆகியவை வகுப்பறைக் கதவருகே ஒரு பையில் தொங்கட்டும்.

படி 8: பெற்றோருக்கு

முதல் செய்தி சுருக்கமாக, சீக்கிரமாக: பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எங்கே வந்து அழைத்துச் செல்லலாம், எந்தச் சாலையில் வர வேண்டாம். உறுதியாகத் தெரியாமல் "எல்லாரும் பத்திரம்" என்று எழுதவே கூடாது. நீங்கள் அனுப்பத் தாமதித்தால் வதந்தி முந்திக்கொள்ளும், வாசலில் வண்டிகள் குவிந்து ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் போகும். பிள்ளையை ஒப்படைக்கும்போது பதிவில் உள்ளவர்தானா என்று சரிபார்த்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லி வருபவரையும் பதிவில் பெயர் இல்லாமல் அனுமதிக்காதீர்கள்.

படி 9: ஒத்திகை

முதல் ஒத்திகையை அறிவித்துவிட்டு நடத்துங்கள், பிள்ளைகள் வழியைப் பழகட்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கெடுங்கள். ஒரு படிக்கட்டை மூடுங்கள். மின்சாரத்தை அணையுங்கள். தலைமையாசிரியரை "இன்று இல்லை" என்று ஓரமாக நிற்க வையுங்கள். உணவு இடைவேளையில் மணி அடியுங்கள், வகுப்பாசிரியர் பக்கத்தில் இல்லாத அந்த நேரம்தான் மிகக் கடினம். துப்பாக்கிச் சத்தம் போன்ற பயமுறுத்தும் நாடகங்கள் மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பயம் தங்கிவிடும்.

மூன்று நேரங்களைக் குறியுங்கள். மணியிலிருந்து முதல் பிள்ளை வகுப்பைவிட்டு வெளியே வரும்வரை, கடைசிப் பிள்ளை கட்டடத்தைவிட்டு வெளியே வரும்வரை, பெயர்ப்பட்டியல் முழுமையாகும்வரை. முதல் நேரம் நீண்டால் அறிவிப்பில் கோளாறு. இரண்டாவது நீண்டால் வழியில். மூன்றாவது நீண்டால் வருகைப் பதிவில்.

படிக்கட்டில் நெரிசல் எங்கே உண்டாகிறது என்று கேமராப் பதிவில் பாருங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள். கூட்ட நெரிசலை ஆராய்ந்த டிர்க் ஹெல்பிங்கும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டு நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட கணினி மாதிரி, வாசலில் எல்லாரும் அவசரப்பட்டுத் தள்ளும்போது வெளியேறுவது மெதுவாகிறது என்று காட்டியது. அதனால் மாடிவாரியாகச் சில நொடி இடைவெளி விட்டு இறக்கிப் பாருங்கள், தீ இருக்கும் மாடியும் அதற்கு மேலுள்ள மாடியும் முதலில். கணினியில் முன்கூட்டியே சோதிக்க விரும்பினால் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்திலிருந்து வந்த, கூட்டம் நகர்வதைக் காட்டும் யூபெட்சிம் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உயர் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள், யாரும் கவனிக்காத மூலைகளை அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஒத்திகை முடிந்த அன்றே ஆசிரியர்களையும் காவலர்களையும் சமையல் பணியாளர்களையும் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். கேட்காத ஸ்பீக்கர், திறக்காத கதவு, பட்டியலில் இல்லாத பெயர் என வந்த குறைகளுக்கு எதிரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். அந்தத் தேதி முடிந்ததும், அதே ஸ்பீக்கரிலிருந்தும் அதே கதவிலிருந்தும் அடுத்த ஒத்திகையைத் தொடங்குங்கள்.